செல்லக்காசு மீன்களுக்கு அப்பா கொடுத்த பத்து நாள்

பாளையங்கோட்டை,
1913 செப்டம்பர் 23.

அன்பு மகன் தேவசிகாமணிக்கு அம்மா ஜெபகனி எழுதுவது. கர்த்தருடைய கிருபையினால் நானும் அப்பாவும் உன் தங்கை சாலோமியும் சுகமாயிருக்கிறோம், ரங்கூனில் உன் உடம்பும் மனமும் நன்றாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். உன் மூன்று கடிதமும் வந்து சேர்ந்தன. மூன்றிலும் மீன்தொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய், நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நல்ல செய்தி இல்லாததால் சொல்லவில்லை. இப்போது இருக்கிறது, அதனால் நடந்தது அத்தனையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நீ கப்பலேறின இரண்டு மாதத்துக்குள் உன் பத்து செல்லக்காசு மீன்களில் மூன்று செத்துப்போயின. வியாதி இல்லை, சண்டைதான். விலாவில் கரும்புள்ளியோடு எல்லாவற்றிலும் பெரிதாக ஒன்று இருக்குமே, நான் அதைப் பெரிய மஞ்சளான் என்று சொல்லுவேன், அது இடது மூலைக் கற்குவியலைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கண்ட இடத்தில் விரட்டி வாலைக் கடித்தது. கூட விட்டிருந்த கெண்டைக்குஞ்சுகள் மேலே ஒதுங்கிப் பிழைத்தன, அடியில் கிடந்த அயிரைகளில் ஒன்றைக் காணவே இல்லை. போன மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, எங்கள் கண்ணெதிரே அது ஒரு சின்ன மீனின் கண்ணைக் கொத்திவிட்டது. சாலோமி அழுதுவிட்டாள். அப்பா வேதத்தை மூடிவைத்துவிட்டு, “ஏளா, ஊருக்கெல்லாம் சமாதானம் சொல்லுத உபதேசியார் வீட்டுல இப்படி ஒரு கொலைக்களமா, எல்லாத்தையும் அள்ளிப் பாளையங்கால்வாயில விட்டுரு” என்றார். நீ குருமார் படிப்பு வேண்டாமென்று அரிசி ஆலைக் கணக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவர் வாயில் உன் பெயர் வரவில்லை. இந்த வீட்டில் உன் கையால் செய்தது என்று மிஞ்சியிருப்பது அந்தத் தொட்டியின் தேக்குச் சட்டமும் கண்ணாடியும்தான். அவருடைய கோபம் மீனோடு நிற்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? எதிர்த்துப் பேசாமல் அடுத்த வாரத்து ஞாயிறு வரைக்கும் பொறுங்கள் என்றேன். பத்து நாள் கொடுத்தார்.

முதலில் கடிபட்ட மீனை எடுத்துத் தனியே ஒரு பானையில் விட்டேன், மறுநாளே இன்னொன்று அடிபட ஆரம்பித்தது. அது தப்பு வழி என்று அதைத் திரும்பத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, சனிக்கிழமை பெரிய மஞ்சளானையே பிடித்துப் பானையில் போட்டேன். அன்று சாயந்திரம் வரை அமைதி. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து பார்த்தால் இரண்டாவது பெரிய மீன் அதே மூலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அதே அட்டகாசத்தைச் செய்கிறது! அப்போதுதான் இது ஒரு மீனின் குணம் மட்டும் இல்லை, அந்த மூலையில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. திங்கட்கிழமை மீன் விற்கக் கொண்டுவந்த ஆவுடைத்தாயிடம் கேட்டேன். அவள் முதலில், “அந்தப் பெரியவனக் கொழம்பு வச்சிருங்கம்மா, சனியன் தொலையும்” என்று சிரித்தாள். பிறகு தொட்டிக்கு முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஆத்துல அடிபட்டது ஓடிப் போயிரும், இங்கன எங்க ஓடும்? ஒளியதுக்கு ஒரு மறப்புகூட இல்லயே” என்றாள். எனக்குச் சுரீரென்றது. ஐயா, நீ தொட்டியைக் கண்ணுக்கு அழகாக வைத்தாய். ஒரு மூலையில் கல்லைக் குவித்து மற்ற இடமெல்லாம் வெறும் மணல், நாம் பார்க்க வசதி, ஆனால் பத்து மீனுக்கு ஒரே ஒரு வீடு. அதற்குத்தான் அத்தனை அடிபிடியும்.

அன்றைக்கே எல்லாக் கல்லையும் வெளியே எடுத்தேன். உடைந்த பானை ஓடு, கூரை ஓடு, கழுத்துப்போன கூஜா என்று கிடைத்ததையெல்லாம் கழுவி இங்கும் அங்குமாகச் சாய்த்துவைத்து, நடுவில் வேலம்பாசியை அடர்த்தியாக நட்டேன், ஒரு ஓரத்து மீனுக்கு மறு ஓரத்து மீன் தெரியக்கூடாது. இரையையும் ஒரே இடத்தில் போடாமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போட்டேன். செவ்வாய் சாயந்திரம் பெரிய மஞ்சளானைக் கடைசியாக விட்டேன். அது நேரே பழைய மூலைக்குப் போயிற்று, அங்கே ஒன்றுமில்லை. திகைத்துச் சுற்றிவிட்டு ஒன்றை விரட்டியது, அது ஓட்டுக்குப் பின்னால் போய் மறைந்ததும் யாரை விரட்டினோம் என்பதே மறந்த மாதிரி திரும்பிவிட்டது. புதிய இடத்தில் அதற்கும் பழைய கர்வம் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை அது ஒரு துணையோடு சேர்ந்து கூரை ஓட்டின் அடியில் முட்டை வைத்துவிட்டது. இரண்டுமாகக் காவல் நின்று மறுபடியும் விரட்டல். நான் அசரவில்லை. மூங்கில் சட்டம் கட்டி, கிழிந்த கொசுவலைத் துணியை அதில் தைத்து, சனிக்கிழமை தொட்டிக்குக் குறுக்கே இறக்கினேன், அவை இரண்டும் ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா வாளியோடு வந்தார். தொட்டியைப் பார்த்தார், “சண்ட எங்க?” என்றார். இல்லை என்றேன். முட்டையைக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, “சரி, குஞ்சு பொரிக்கட்டும், பொறவு பாப்போம்” என்று போய்விட்டார்.

குஞ்சு பொரித்து இப்போது நீந்துகின்றன, எண்ண முடியவில்லை. போன புதன்கிழமை அப்பா தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குஞ்சுகள் பெரிய மீன்களின் உடம்பை மொய்த்துக் கொத்திக்கொண்டிருந்தன. என்ன செய்கின்றன என்று கேட்டார். மேலே படிந்திருக்கிற வழவழப்பைத் தின்கின்றன, பெரியவையும் கொடுத்துக்கொண்டு அசையாமல் நிற்கின்றன என்றேன். “தகப்பனுமா நிக்கான்?” என்றார். ரெண்டும்தான் என்றேன். விளக்கேற்றும் வரைக்கும் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் கிணற்றடித் தொட்டியிலிருந்து ஒரு தம்ளர் கொசுப்புழு அள்ளிக்கொண்டு வந்தார், “பெரிசுகளுக்குப் போடு, பாவம், எளச்சுப் போச்சு” என்றார்.

கண் போன மீன் ஒற்றைக் கண்ணோடு நன்றாக இரை எடுக்கிறது, கவலைப்படாதே. சாலோமி தையலில் பரிசு வாங்கினாள். நீ வயிற்றுவலி என்று எழுதியிருந்தாய், கடைச் சோற்றை நிறுத்தி இரவில் கஞ்சி வைத்துக் குடி. ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை எங்கள் கண்முன் சீக்கிரம் கொண்டுவந்து நிறுத்துவாராக.

முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கையில் அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார். தேவசிகாமணிக்கு என்றேன். “உன் கையெழுத்து தபால்காரனுக்கு வெளங்காது, வெலாசத்த நான் எழுதுதேன்” என்று உறையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இதற்குப் பதில் எழுதும்போது அவர் பெயருக்கே எழுது, மறந்துவிடாதே.

என்றும் உனக்காக ஜெபிக்கும் அம்மா,
ஜெபகனி ஞானையா.