ஆடியில் திறக்காதேயும்

கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், புல் வாசம் போகவில்லை. காலையில் இட்லியோடு சேர்ந்து அதுவும் வயிற்றுக்குள் போயிற்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் காலனிச் சங்கக் கூட்டம். அதற்காக விடிந்ததும் பூங்காவில் இறங்கிப் புல்லை ஒரு தடவை வெட்டி முடித்தேன். பட்டறையை மூடுமுன் நீர் உம் லேத்தில் கடைந்து செய்துவைத்த அதே தள்ளு மிஷின்தான். கூட்டத்தில் இன்றைக்குப் பேச ஒரே விஷயம்: புல் இருக்கட்டுமா, இல்லை மொத்தத்துக்கும் சிமெண்ட் கல் பதித்துவிடலாமா. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நீர் போய்ப் பத்து மாதம் ஆகிறது. ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

எதிரே மேசையில் உம் தகர டப்பா இருக்கிறது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மூடியின்மேல் பட்டறையில் இரும்பில் குறி போடுகிற வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறீர்: ‘ஆடியில் திறக்காதேயும்.’ படிக்கும்போதெல்லாம் சிரிப்பும் வருகிறது, மூக்கும் உறிஞ்ச வேண்டியிருக்கிறது.

பட்டறையை மூடிய வாரம் நீர் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினீர். பேட்டைப் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் இரும்புச் சுருளிலும் தூளிலும் நடந்த கால். “மிச்ச நாளு புல்லுல நடக்கணும்வே. வேற ஆசையே இல்ல” என்றீர். நான் தாலுகா ஆபீஸில் கோப்பு புரட்டியே காலத்தைக் கழித்தவன், எனக்கு எல்லாம் கேலிதான். “புல்லுல நடக்கணும்னா மாடால்லா பொறந்திருக்கணும்” என்றேன். நீர் சிரிக்கவில்லை. எழுந்து போய், உம் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் வரைபடத்தில் மட்டும் பூங்காவாக இருந்த அந்த முள்ளுக்காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

முள்ளை வெட்டி எடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று. பிறகு வயல் வரப்பிலிருந்து இரண்டு சாக்கு அருகம்புல் கொண்டுவந்து ஊன்றினோம். அருகோடு கோரைக்கிழங்கும் சேர்ந்து வந்துவிட்டது. மூன்றே வாரத்தில் கோரை முழங்கால் உயரம், அருகைக் காணோம். மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, விதைதான் சரி என்று எங்கேயோ எழுதிக் கூரியரில் வரவழைத்தீர். தவிட்டைப் போல அவ்வளவு சின்ன விதை. களையெடுப்பு முடிந்து போன அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்து, “என்னய்யா இது?” என்றாள். அருகு விதை என்று நீர் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “நாங்க பிடுங்கி எறியுதத நீங்க டப்பால வாங்குதீயளா?” அன்று முதல் தெருவில் நம் இருவருக்கும் தனி மரியாதை.

அடுத்து நடந்ததை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். எப்போது விதைப்பது என்று பேச்சு வந்தது. “காத்து ஓயட்டும், புரட்டாசில போடுவோம்” என்றீர். நான் விடவில்லை. விதை என்றால் ஆடி, அதிலும் ஆடிப் பதினெட்டு என்று பிடித்த பிடியில் நின்றேன். “நாங்க வயக்காட்டு வம்சம்வே. லேத்துக்காரருக்கு வெதையப் பத்தி என்ன தெரியும்?” என்று வேறு கேட்டேன். மண்வெட்டியைக் கையால் தொட்டதில்லை நான். வயல் எல்லாம் என் அப்பா காலத்திலேயே போயாகிவிட்டது. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. “சரி, உம்ம இஷ்டம்” என்று நீர் வீட்டுக்குள் போய் விதையை ஒரு கிண்ணத்தில் எடுத்துவந்தீர்.

ஆடிப் பதினெட்டு காலை நல்ல நேரம் பார்த்து, கிழக்கே பார்த்து நின்று தூவினேன். மேலே மண் போடவில்லை, அழுத்தவில்லை. பத்தரைக்கு மேற்கேயிருந்து காற்று எழும்பியது. ஆடிக் காற்று நம் ஊருக்குப் புதிதா? அம்மியே நகரும் என்று கதை பேசுகிற ஊரில் பிறந்து, அதே மாதத்தில் தவிட்டைப் போன்ற விதையை வெறுந்தரையில் தூவினேன் நான். உச்சிவேளைக்குத் தரை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டு வாரம் கழித்து, பூங்காவின் கிழக்கு மதிலை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு நெடுகப் பச்சைக் கரை கட்டி முளைத்தது. நடுவில் ஒரு புல்கூட இல்லை. “வேட்டிக்குக் கரை நல்லா வந்திருக்கு, வேட்டியத்தான் காணோம்” என்று சங்கச் செயலாளர் சொன்னதைக் காலனியே சொல்லிச் சிரித்தது.

அந்தச் சிரிப்பை நீர் தாங்கிக்கொண்டீர். என்னால் முடியவில்லை. ஐப்பசி மழையில் பூங்கா சேறாகி, ஆட்கள் வழுக்கி விழ, கார்த்திகைக் கூட்டத்தில் செயலாளர் கல் பதிக்கும் யோசனையை எடுத்தார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார். நீர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தீர். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினேன். காரணம் வேறொன்றும் இல்லை. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அந்த மொட்டைத் தரை என் முகத்தில் விழித்தது. கல் வந்துவிட்டால் என் தப்பும் அதற்கடியில் போய்விடும் என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும் நீர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீர். “கையத் தூக்குனது கூடத் தப்பில்லவே. என்னையப் பாத்துத் தூக்கியிருக்கலாம்லா.” பிறகும் என் வீட்டுக்கு வந்தீர், காப்பி குடித்தீர், மூட்டுவலிக்குத் தைலம் சொன்னீர். புல்லைப் பற்றி மட்டும் என்னிடம் பேசவே இல்லை. பங்குனியில் ஒருநாள் காலை, நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நடுவில் முழுதாக நான்கு மாதம் எனக்குக் கிடைத்திருந்தது. தப்புதான், மன்னியும் என்று கேட்க அரை நிமிடம் போதும். நான் கேட்கவில்லை.

கூட்டத்தில் முடிவாகியும், கல் பதிக்க ஒத்துக்கொண்ட ஆள் இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ஆனி மாதம் உம் வீட்டு மதினி என்னைக் கூப்பிட்டனுப்பினார். உம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தவர் இந்த டப்பாவை எடுத்துக் கையில் தந்தார். “அண்ணாச்சி, இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு மாசிலயே சொல்லியிருந்தாவ. புரட்டாசி பொறக்கவும் நெனவு படுத்துன்னாவ. நான் இருக்குத கவலைல மறந்துட்டேன்.” குலுக்கிப் பார்த்தேன். விதை. நீர் பாதியைத்தான் கிண்ணத்தில் கொண்டுவந்திருக்கிறீர். மீதியை டப்பாவில் போட்டு மூடிவிட்டு, நான் தோற்கப்போவது தெரிந்தும் பக்கத்தில் நின்றிருக்கிறீர். அதைக்கூட மன்னிக்கலாம். நான் கல்லுக்குக் கை தூக்கிய பிறகும் விதையை எனக்கென்று சொல்லி வைத்தீரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மதினிக்கு முன்னால் அழுதேன்.

அழுது முடித்துவிட்டு நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன். தைக் கூட்டம் வரைக்கும் கல்லை நிறுத்தி வையும் என்றேன். “போன தடவ காத்துக்குக் குடுத்தீய, இந்தத் தடவ மழைக்குக் குடுக்கப் போறீயளாக்கும்” என்று சிரித்தார். “குடுக்கேன், இல்ல எடுக்கேன். தை வரைக்கும் ஒரு கல்லு இங்கன இறங்கப்பிடாது” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சரி என்றுவிட்டார்.

டப்பாவை ஆடியில் நான் திறக்கவில்லை. ஆவணியில் திறந்து, இருபது விதையை எண்ணி ஈரக் கைக்குட்டையில் மடித்து அடுப்பங்கரை ஓரத்தில் வைத்தேன். பத்தாம் நாள் பதினான்கு முளைத்திருந்தது. பழைய விதை, அதனால் கொஞ்சம் நெருக்கித் தூவ வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். ஆனியிலிருந்தே தரைக்குத் தண்ணீர் காட்டிக் காட்டி, கோரையை முளைக்க விட்டு, கிழங்கோடு தோண்டினேன். மறுபடி தண்ணீர், மறுபடி கோரை. மூன்று தடவை. உம் ரசமட்டத்தை மதினியிடம் வாங்கி வைத்து, மழைத் தண்ணீர் தேங்காமல் தெருப்பக்கம் பைய வடிகிற மாதிரி மண்ணைத் தள்ளினேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. “பஞ்சாங்கம் பாக்கலியா?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள். இந்தத் தடவை பூங்கா ஓரத்து வேப்பமரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். நண்பகலிலும் அதன் இலை ஆடாத நாள் வர வேண்டும்.

நீர் சொன்ன கணக்கு எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் உறைத்தது. காற்று ஓய்ந்ததற்குப் பிறகு, பெருமழை வருவதற்கு முன்பு, நடுவில் ஒரு இருபது நாள். பிசான நெல்லுக்கு நாற்றங்கால் போடுவதும் அந்த நாட்களில்தான். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த வயக்காட்டு வம்சத்தானான எனக்கு அது தெரியவில்லை, லேத்துக்காரருக்குத் தெரிந்திருந்தது.

புரட்டாசி பாதியில் இலை நின்றது. விதையை மணலோடு கலந்து, பாதியை நெடுக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவினேன். சலித்த தொழுவுரத்தை மேலே மெலிசாகப் போட்டு, உருளை விட்டு அழுத்தினேன். பூவாளியால் நாளைக்கு மூன்று வேளை தண்ணீர், தரை காயவும் கூடாது, ஓடவும் கூடாது. எட்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து இடி இடித்தது. முளை அப்போதுதான் வெள்ளையாக வால் விட்டிருந்தது. இந்த மழை நேராக விழுந்தால் அத்தனையும் சாக்கடைக்குப் போய்விடும்.

வீட்டுக்கு ஓடி என் பழைய வேட்டிகளை அள்ளிவந்து தரையில் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தேன். போதவில்லை. வீட்டுக்காரி சேலைகளோடு வந்தாள். மதினி உம் வேட்டிகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவரே இறங்கிவந்து விரித்தார். அப்போதும் தெருப்பக்கம் ஒரு மூலை திறந்தே கிடந்தது. செயலாளர் தன் வீட்டுக் கேட்டில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். முதல் துளி விழுந்ததும் என்ன தோன்றியதோ, உள்ளே போய்க் கட்டம் போட்ட லுங்கிச் சாரம் இரண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். “எங்கன போடணும்? சீக்கிரம் சொல்லுங்க!” ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. நாங்கள் நனைந்துகொண்டே துணியைக் காலால் மிதித்துப் பிடித்தோம்.

உம் வேட்டிக்கடியில்தான் முதலில் முளைத்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது, முதலில் பச்சை தட்டியது செயலாளரின் சாரத்துக்கடியில். மனுஷன் அன்றிலிருந்து தலைகீழாக மாறிப்போனார். காலையும் மாலையும் வந்து, “நம்ம சாரம்லா!” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உம் வேட்டியடியில் இரண்டு நாள் கழித்து முளைத்தது, ஆனால் நெருக்கமாக முளைத்தது.

அப்புறம் எல்லாம் உம் வார்த்தைப்படிதான். “தெனம் நாக்க நனைக்காதேயும், ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்க வயிறு நெறயக் குடும். வேரு கீழ போவும்” என்பீர். மழை நின்றதும் அப்படியே செய்தேன், அதுவும் காலையில் மட்டும். வெட்டும்போது மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுப்பதில்லை. மொட்டையடித்தால் வெயிலில் வேர் வெந்துவிடும் என்று நீர் கத்தியது காதில் இருக்கிறது. பிளேடு மழுங்கினால் நுனி கிழிந்து வெளுத்துவிடும் என்பதால் அதைத் தீட்டவும் கற்றுக்கொண்டேன். கோப்பு புரட்டிய கை இரண்டு இடத்தில் அறுந்தது. மார்கழி முழுக்க யாரையும் மிதிக்க விடாமல் கம்போடு நின்றேன். எனக்குக் காவல்காரன் என்று பேராகிவிட்டது. மணி நாலரை ஆகிறது. சட்டை மாற்றிக்கொண்டு போகிறேன்.

கூட்டம் முடிந்து வந்துவிட்டேன். வேப்பமரத்தடியில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். கல்தான் வேண்டும் என்று மூலை வீட்டுக்காரர் கடைசிவரை நின்றார், கார் நிறுத்த அவருக்கு இடம் இல்லையாம். கொஞ்சப் பேர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். செயலாளர் எழுந்து, புல்லுக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். நான் தரையைப் பார்க்கவில்லை. உம் வீட்டு வாசலைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தூக்கினேன். மதினி அங்கே நின்றிருந்தார், அவரும் தூக்கினார். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். போதுமான கை இருந்தது, போதுமானதற்கு மேலேயே இருந்தது.

எல்லோரும் போன பிறகு மதினி புல் ஓரத்தில் செருப்பை விட்டுவிட்டு இறங்கி, கிழக்கு மதில்வரை நடந்து திரும்பி வந்தார். “கூச்சமா இருக்கு அண்ணாச்சி” என்றார். “அவிய காலுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்?” நீர் ஒரே ஒரு நாள்கூட இதில் நடக்கவில்லை. அது என்னால் போயிற்று, இனி யார் கை தூக்கினாலும் திரும்பி வராது.

டப்பாவில் இன்னும் ஒரு கைப்பிடி விதை இருக்கிறது. பூங்கா பெஞ்சுக்கடியில் ஓர் இடம் சொட்டையாகக் கிடக்கிறது, வருகிற புரட்டாசியில் அங்கே போட வேண்டும். புதிதாக டேப் ஒட்டிவிட்டேன். உம் வெள்ளை எழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் என் பேனாவால் எழுதியிருக்கிறேன்: ‘திறக்க மாட்டேன்வே.’