முத்துமாரி பதினாலு

ஜூன் 3, திங்கள்

மீனவர் சங்க அலுவலகத்தில் என் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு இது கடைசி மாதம். நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா? போகட்டும்! இன்று ஒரு மந்திரம் படித்துவிட்டேன்.

கணினி அட்டவணையில் படகுக்கு ஒரு வரி. ‘குறூப் பை’ என்ற கட்டளையைப் போட்டு ஊரைக் கொடுத்தால், ஊருக்கு எத்தனை படகென்று எண்ணித் தருகிறது. ஊரோடு படகு வகையையும் கொடுத்தேன். நிலாவெளியில் பைபர் படகு எத்தனை, மர வள்ளம் எத்தனை, தனித்தனியாய்! சுழல் கதிரையில் இருந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றினேன். பொறுப்பாளர் இக்னேசியஸ் சேர் எட்டிப் பார்த்தார். “என்ன பிள்ளை, லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ?”

ஜூன் 4

படகுக்கு இரண்டு உயிர்காப்பு அங்கி வருகிறது. பட்டியல் என் பொறுப்பு. ஒரே படகு இரண்டு தரம் பதிந்திருந்தால் எடுத்துவிடச் சொன்னார் சேர்.

விடுவேனா? ஊரையும் படகின் பெயரையும் சேர்த்து எண்ணினேன். சல்லி ஊர், முத்துமாரி — 14. அடேயப்பா, ஒரே படகைப் பதினாலு தரமா! பதின்மூன்றை அழித்தேன். இப்படியே ஊர் ஊராய் அழித்து, பட்டியலை ஊர்ச் சங்கங்களுக்கு அனுப்பியும் விட்டேன். நான் கெட்டிக்காரி.

ஜூன் 6

கெட்டிக்காரியாம்! சல்லிச் சங்கச் செயலாளர் சிவரூபி அக்கா போன் எடுத்தா.

“தங்கச்சி, முத்துமாரிக்கு ரெண்டு அங்கி எண்டு கிடக்கு. எந்த முத்துமாரிக்கு?”

“எத்தனை இருக்கு அக்கா?”

“பதினாலு. அம்மன்ட பேரை வைக்காம வேற ஆரின்ட பேரை வைக்கிறது?”

ஐயோ. என்ட அப்பாவின்ட வள்ளம் அந்தோனியார். சித்தப்பாவின்டதும் அந்தோனியார். பக்கத்து வீட்டு எல்சி அன்ரியின்டதும்! இது எனக்குத் தெரியாதா? மூளை எங்க போனது? பதின்மூன்று படகு அங்கி இல்லாமக் கடலுக்குப் போயிருக்கும் — என்னால. வேலை போச்சு.

நானே போய்ச் சேரிடம் சொன்னேன்.

“அழிக்க முன்னம் பிரதி எடுத்தனீரோ?”

“ஓம் சேர்.”

“பிறகென்னத்துக்கு நிண்டு அழுறீர்? போய்ச் சரியாச் செய்யும்.”

ஜூன் 7

பழைய பிரதியில் ஊர், பெயர், பதிவு எண் — மூன்றையும் சேர்த்து எண்ணினேன். பதினாலு முத்துமாரியும் தனித்தனி வரியில், ஒவ்வொன்றுக்கும் நேரே 1! கத்தவேண்டும் போல இருந்தது. மாவட்டம் முழுக்க உண்மையிலேயே இரண்டு தரம் பதிந்தவை மூன்றே மூன்று. புதுப் பட்டியல் போய்விட்டது.

ஜூன் 12

வேலையைப் பற்றிச் சேர் மூச்சே விடவில்லை. அது நல்லதோ, கெட்டதோ?

ஜூன் 22, சனி

சல்லிக் கடற்கரையில் அங்கி கொடுத்தோம். பதிவு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. ஆனால் ஆசையை அடக்க ஏலவில்லை. “முத்துமாரி!” என்று கத்தினேன். பதினாலு பேரும் ஒன்றாய் எழும்பி வந்தார்கள். சிவரூபி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

சேர் மட்டும் சிரிக்கவில்லை. அவவிடம் என்னைக் காட்டி, “றஜிதாவின்ட குழப்படியை இனி நிரந்தரமாத் தாங்கவேணும். நேற்றுத்தான் நியமனக் கடிதத்தில கையெழுத்து வைச்சனான்,” என்றார்.

கையில் இருந்த பட்டியலில் ஒரு எண்ணும் தெரியவில்லை. பதினாலு பேரும் கையை நீட்டியபடி, நான் அழுது முடிக்கும்வரை பொறுமையாய் நின்றார்கள்.