ராஜகிரி நிழல்

செஞ்சி,
14-9-1964

அன்புள்ள மச்சான் சீதளநாதனுக்கு, மாமன் ஸ்ரீபால் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அக்கா ஜெயமாலாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இல்லை என்று தெரிந்தே எழுதுவதால், அங்கே எப்படி என்று கேட்கப் போவதில்லை. உன் பையன் மகாவீரன் எல்லாம் எழுதிவிட்டான். சர்க்கரை வியாதி என்கிறான். மாத்திரை கொடுத்து, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். நீயோ சந்தனா போனதிலிருந்து சாய்வு நாற்காலியை விட்டு எழுவதில்லையாம். பெண்டாட்டிக்காக அழுகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குக் கால் என்ன பாவம் செய்தது? நடந்துகொண்டே அழேன்.

நான் உன்னைவிட நாலு வயது மூத்தவன். போன வாரமும் அனந்தபுரம் சந்தைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தேன். கடையில் எடை போடுகிற பச்சமுத்து சிரிக்கிறான். "மொதலாளி, வேன் வாங்கற வசதி வந்தும் இன்னும் பெடல் மிதிக்கறீங்களே" என்றான். "வேன் ஓடினா வேனுக்குத்தாண்டா ஒடம்பு நல்லாருக்கும்" என்றேன்.

நான் மல்லாட்டை வியாபாரி (பட்டணத்தில் நீங்கள் வேர்க்கடலை என்கிறீர்கள்), எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குடோனில் புரட்டிப் போடாத அடுக்கில் அடி மூட்டைக்குத்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீ இப்போது அடி மூட்டை. புறப்பட்டு வா, புரட்டிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீபால்

---

திருவல்லிக்கேணி, சென்னை,
27-9-1964

மரியாதைக்குரிய மாமாவுக்கு, சீதளநாதன் வணக்கம்.

அடி மூட்டை என்று நீங்கள் எழுதியதைப் படித்து மகாவீரன் சிரித்தான். மருமகளும் சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாயிற்று. அந்த மட்டுக்கும் உங்களுக்கு நன்றி.

எனக்கு நடக்கத் தெரியாதா மாமா? ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருஷம் பிளாட்பாரம் பிளாட்பாரமாக நடந்தவன்தானே. அப்போதெல்லாம் ஓர் இடத்துக்குப் போவதற்காக நடந்தேன். இப்போது எங்கே போக? இறங்கினால் தெருமுனை வரும். அங்கே எனக்கு என்ன இருக்கிறது? திரும்பி வந்தால் கதவைத் திறக்க அவள் இல்லை.

இங்கே மகாவீரன் ஆபீசிலிருந்து வருவதே விளக்கு வைத்த பிறகுதான். அவர்கள் இரவில்தான் சாப்பிடுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பொழுது இறங்கினால் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்காத நம் சமண வழக்கத்தை நான் ஒருவன் வைத்துக்கொண்டிருக்கிறேன். சமையல் தாமதமானால் அன்றைக்குப் பட்டினி. குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னேன்.

தீபாவளி கழிந்து வருகிறேன். நடப்பதற்காக இல்லை, அக்கா கையால் சாப்பிடுவதற்கு.

அன்புடன்,
சீதளநாதன்

---

செஞ்சி,
11-1-1965

அன்புள்ள மச்சானுக்கு,

உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் உன் அக்கா கேட்ட முதல் கேள்வி, "தம்பி போனது முழு ஒடம்பாவா, பாதி ஒடம்பாவா?" முழு உடம்பு என்றேன். நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் நம்பினாள்.

வந்த மறுநாள் கோட்டை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாயே, நினைவிருக்கிறதா? "நெஞ்சு வெடிக்குது மாமா, என்னை வுட்டுடுங்க" என்று கும்பிட்டாய். கடைசி வாரம் கல்யாண மகாலைத் தாண்டி ராஜகிரி மலைப் படியில் எனக்கு முன்னால் ஏறினாய். எனக்கு மூச்சு வாங்கியது. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலங்களைத்தான் என்னால் மறக்க முடியாது. ராஜகிரி நிழல் கடைத்தெருவைத் தொட்டதும் உன் அக்கா சோற்றை இறக்கிவிடுவாள். நாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டையிலிருந்து ஓடிவருவோம். இரண்டு கிழங்கள் ஓடுவதைப் பார்த்துத் தெருவே கேட்டது, "இன்னா நைனாரே, யாரு தொரத்தறா?" நீதான் பதில் சொன்னாய், "பசி தொரத்துதுபா!" சந்தனா போனதற்குப் பிறகு நீ சொன்ன முதல் வேடிக்கை அது.

உன் பையில் வெல்லக்கட்டிப் பொட்டலம் வைத்து அனுப்பியிருக்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறவனுக்கு வழியில் மயக்கம் தட்டலாம், தட்டினால் உடனே இனிப்பை வாயில் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மறக்காதே. ஒரு கட்டி எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஏப்ரலில் நம் மேல்சித்தாமூர்க் கோயில் தேர். மீசை முளைத்த வயதில் போனதுபோல இங்கிருந்து நடந்தே போகிறோம். பஸ் பேச்சு எடுத்தால் உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

ஸ்ரீபால்

---

சென்னை,
22-2-1965

மாமாவுக்கு வணக்கம்.

ஐஸ் ஹவுசில் தொடங்கிக் கடற்கரையோடு உழைப்பாளர் சிலை வரை நடக்கிறேன். நம்பமாட்டீர்கள். அங்கே தைலம்மாள் என்று ஒரு சுண்டல்காரி இருக்கிறாள். "பெரியவரே, தெனம் வர்றே போறே, ஒரு நாளாச்சும் ஒரு பொட்டலம் வாங்கினியா?" என்று சண்டைக்கு வருகிறாள். சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சுண்டல் ஆகுமா என்று டாக்டரைக் கேட்கப் போகிறேன். ஆகும் என்றால் அவள் வாயை அடைக்கலாம்.

செருப்பு தேய்ந்து புதுச் செருப்பு வாங்கினேன். வீட்டில் மட்டும் போட்டு நடந்து பழக்குகிறேன். தேருக்கு அதுதான்.

சீதளநாதன்

---

செஞ்சி,
3-3-1965

மச்சானுக்கு,

சிலை வரை போகிறேன் என்கிறாய். திரும்பும்போது ரிக்‌ஷாவில் வருவதாக மகாவீரன் எழுதுகிறானே! பாதி வழியில் இறக்கிய சரக்குக்கு எவனாவது முழு வாடகை கொடுப்பானா? போன தூரத்தை விடு, கால் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்த தூரத்தைச் சொல். மேல்சித்தாமூர் ரோட்டில் ரிக்‌ஷா கிடையாது.

இந்தி எதிர்ப்புக் கலாட்டாவில் இங்கே பஸ் ஓடாத நாட்களில் நான் மட்டும் மேல்மலையனூர் வரை சைக்கிளில் போய்ச் சரக்குப் பேசிவிட்டு வந்தேன். பஸ் இல்லாமல் மற்ற வியாபாரிகள் வீட்டில் இருந்தார்கள். உடம்பு ஒத்துழைத்தால் வியாபாரம் தானே வரும்.

இரண்டு பக்கமும் நட. இல்லையென்றால் தேருக்கு வராதே.

ஸ்ரீபால்

---

ஆஸ்பத்திரி, சென்னை,
30-3-1965

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மகாவீரன் தந்தி கொடுக்கிறேன் என்றான். தந்தி வந்தால் அக்கா பயந்துவிடுவாள் என்று தடுத்தேன். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துக் கோணலைப் பொறுக்கவும்.

பத்து நாள் முன்னால் சாயங்காலம் வீட்டில் சோறு ஆகவில்லை. மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு, நடந்துவிட்டு வந்து வெளிச்சத்திலேயே சாப்பிடலாம் என்று இறங்கினேன். சிலை வரை போய், ரிக்‌ஷாக்காரன் கூப்பிட்டும் மாட்டேன் என்று திரும்பி நடந்தேன். செஞ்சியில் பொழுது இறங்குவதை ராஜகிரி சொல்லிவிடும். இங்கே கண்ணுக்கு எதிரில் கடல். சூரியன் என் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கியிருக்கிறான், எனக்குத் தெரியவில்லை.

வேர்த்தது, கை நடுங்கியது. மயக்கம் என்று தெரிந்து பையிலிருந்து வெல்லத்தை எடுத்தேன். கை வாய்க்கு வரும்போது ரோட்டு விளக்குகள் வரிசையாக எரிந்தன. திரும்பிப் பார்த்தேன். மேற்கே வெளிச்சம் இல்லை. வெல்லத்தைப் பையிலேயே போட்டேன். வீடு பக்கம்தானே, போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று நாலடி வைத்தேன். நடைபாதை விளிம்பில் கால் சறுக்கியது.

தைலம்மாள் ஓடிவந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டுவந்து, "வாயைத் தொறய்யா, இன்னா வெசமா குடுக்கறேன்?" என்று அழுதாள். காது கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இங்கே கொண்டுவந்து சர்க்கரையை ஊசியில் ஏற்றினார்களாம். அப்போது இரவு. ஊசியில் ஏற்றியது சாப்பாட்டில் சேருமா மாமா? விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுதவும்.

நீங்கள் எழுதிய கடிதத்தால் ஆனது என்று அக்கா நினைக்க வேண்டாம்.

சீதளநாதன்

---

செஞ்சி,
2-4-1965

அட மடையா,

உன்னை என்ன சொல்லித் திட்டுவது? வெல்லம் கையில் இருந்தது, வாய் முகத்தில் இருந்தது, நடுவில் நீ ஒருவன் குறுக்கே நின்றுவிட்டாய்.

சந்தையில் அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் நான் எத்தனை இட்லி தின்றிருக்கிறேன் தெரியுமா? சைக்கிள் மிதித்து ஊர் ஊராகச் சரக்கு எடுத்தவனுக்குப் பொழுது பார்த்துப் பசிக்குமா? உன் அக்காவுக்கு இது இத்தனை வருஷம் தெரியாது. இதை அவள் எதிரில் படித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், தெரியட்டும். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அழுதுகொண்டே, "அவன் செஞ்சது சரிதாங்க" என்கிறாள். "செத்திருந்தா?" என்றேன். "செத்திருந்தாலும்" என்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்த உங்கள் இரண்டு பேரோடும் நான் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று தெரியவில்லை.

ஊசியில் ஏற்றியது சாப்பாட்டில் சேராது. யாரையும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நிம்மதியாகத் தூங்கு.

வெள்ளிக்கிழமை வருகிறேன். உன்னை நிற்க வைக்காமல் ஊர் திரும்பமாட்டேன்.

ஸ்ரீபால்

---

சென்னை,
9-5-1965

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததற்குக் கடிதம் போட்டும் நான் பதில் எழுதவில்லை. மன்னிக்கவும்.

நீங்கள் வந்த அன்று நர்ஸ் கத்தக் கத்த என் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினீர்கள். "ம், அடி எடு. கோட்டை வாசல்னு நெனச்சுக்கோ" என்றீர்கள். எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கால் அங்கேயே இருந்தது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இத்தனை வருஷத்தில் உங்களை அப்படி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எலும்பு ஒட்டாது, இனி கட்டில்தான் என்று டாக்டர் என்னிடமே சொல்லிவிட்டார். ராத்திரி ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டும் என்கிறார்கள். மாட்டேன் என்கிறேன். மருமகள் அழுகிறாள். கட்டிலிலிருந்து பார்த்தால் வானம் தெரிவதில்லை. பொழுது இருக்கிறதா என்று அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடுகிறேன். சில நாள் இருக்கிறது என்று பொய் சொல்கிறாளோ என்று சந்தேகம் வருகிறது. அப்போது அந்தச் சோறும் இறங்குவதில்லை.

புதுச் செருப்பை மகாவீரனுக்குக் கொடுத்தேன். அவனுக்குச் சின்னது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. நடை, சைக்கிள், கோட்டை, தேர் இவற்றைப் பற்றி இனி எழுதாதீர்கள். வேறு எது வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை மருமகள் படிக்கும்போது போர்வைக்குள் கால் எழுந்திருக்கப் பார்க்கிறது. அதைத் தாங்க முடியவில்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம்.

சீதளநாதன்

---

செஞ்சி,
18-7-1965

அன்புள்ள மச்சானுக்கு,

நீ கேட்டுக்கொண்ட பிறகு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மகாவீரன் மட்டும் ஒரு கார்டு போட்டான், "அப்பா அப்படியே இருக்கிறார்" என்று.

நீ வேண்டாம் என்றதை எழுதமாட்டேன். அதை விட்டால் உனக்கு எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அனந்தபுரத்துக்கு வந்த சரக்கு ஈரமாக இருந்ததாம், பச்சமுத்து சொன்னான். சந்தைகளுக்கு இப்போது அவன்தான் போகிறான், பஸ்ஸில். ஈரக் கொட்டையைக் காதோரம் குலுக்கிப் பார்க்க இன்னும் அவனுக்கு வரவில்லை. ஏமாந்துதான் வருகிறான். வரட்டும் என்று இருக்கிறேன். "மொதலாளி, ஒரு வார்த்த திட்டுங்க, நான் பொழச்சுக்கறேன்" என்கிறான். திட்ட என்ன இருக்கிறது?

உன் அக்கா காலையில், "எழுந்து போய்ட்டு வாங்களேன்" என்று செருப்பைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். இப்போது வைப்பதில்லை.

கல்லாவில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ராஜகிரி நிழல் கடைத்தெருவில் வருவது தெரிகிறது. முதலில் எதிர்க் கடைப் பந்தலில் விழும், பிறகு ரோட்டில், பிறகு என் படியில். இத்தனை வருஷம் கடை வைத்திருந்தும் இந்த வரிசை எனக்குத் தெரியாது. அந்த நேரத்துக்கு நான் கடையில் இருந்ததே இல்லை.

நிழல் படியைத் தொட்டதும் உன் அக்கா உள்ளிருந்து கூப்பிடுகிறாள். நாலடி வைத்தால் இலை. பொழுது இறங்கினால் நானும் இப்போது எதுவும் வாயில் வைப்பதில்லை. வழக்கத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அவளுக்கு நான் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். பசியே இல்லை மச்சான். பசித்தால்தானே ஓடிவர.

பதில் எழுத வேண்டாம்.

உன் மாமன்,
ஸ்ரீபால்