தள்ளி எழுதிய வரி

ஜனவரி 8
ரோஜா தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கான விதிகளை இனி மேற்பார்வையாளர்களே எழுதட்டும் என்கிறார் பண்ணை முதலாளி டான் லியோனிடாஸ். எந்த நிரல்மொழி என்று நான் முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்ததிலேயே அழகான மொழியைத்தான் சொல்லப் போகிறேன். நிபந்தனை ஒரு வரி. அதற்குக் கட்டுப்பட்டவை இடம் விட்டு, சற்றே தள்ளி. அவ்வளவுதான்.

ஜனவரி 10
பக்கத்து மேசை ராமிரோ வேறொன்றைச் சொல்கிறான். அதில் ஒவ்வொரு நிபந்தனையையும் ‘முடிந்தது’ என்று எழுதி மூட வேண்டும். பார்க்கச் சகிக்காது. “உனக்குப் பிடிச்சவளை ஊருக்கே கட்டி வைக்காதடா” என்றான். சிரித்தேன்.

ஜனவரி 21
பேக்கிங் கூடத்து மேற்பார்வையாளர் நுபியா ஒரு மணி நேரத்தில் முதல் விதியை எழுதிவிட்டார். “இவ்வளவுதானா இன்ஜினியரே? இதுக்கா நாலு வருஷமா உங்க கதவுகிட்ட வந்து நின்னேன்?”

ஜனவரி 26
எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஏன் இப்படி இருப்புக் கொள்ளாமல் அலைகிறேன்?

ஜனவரி 30
போச்சு. எல்லாம் போச்சு.

மொட்டு நசுங்கியிருந்தால் ஒதுக்கு, தண்டை நாற்பது சென்டிமீட்டருக்கு வெட்டு — இது நுபியாவின் விதி. வாட்ஸ்அப்பில் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார். வழியில் வரிகளுக்கு முன்னால் விட்டிருந்த இடைவெளிகள் காணாமல் போயின. இயந்திரம் முரண்டு பிடித்ததும் அங்கிருந்தவர்கள் ‘ஒதுக்கு’ வரியை மட்டும் தள்ளி வைத்து ஓட்டிவிட்டார்கள். ‘வெட்டு’ வரி நிபந்தனைக்கு வெளியே நின்றது. காதலர் தினத்துக்கு மயாமி போக வேண்டிய எழுபது சென்டிமீட்டர் ரோஜாக்கள், நசுங்காதவையும் சேர்த்து, நாற்பதாகிவிட்டன. வெட்டியதை ஒட்டவா முடியும்?

“நுபியாவைப் பழையபடி பூ அறுக்க அனுப்பு” என்றார் டான் லியோனிடாஸ். நான் வாயைத் திறக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

ஜனவரி 31
வீட்டுக்கு வந்தும் கூடத்து வாட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 2
இந்தக் கூடத்தில் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் நடக்கும் — ஆர்டர், விடுப்பு, திட்டு. நானும் அந்தக் குழுவில் நான்கு வருடமாக இருக்கிறேனே! தெரிந்தும் என் கண்ணுக்கு அழகாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். வெட்கமாக இருக்கிறது.

ராமிரோவின் மொழிக்கு மாற்றத் தொடங்கிவிட்டேன். அவனும் கூட உட்கார்ந்து உதவுகிறான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 7
பசுமைக்குடிலில் நுபியாவைப் பார்த்தேன். கையில் கத்தரி. மன்னிப்புக் கேட்டேன். மொழியை மாற்றிவிட்டதையும் சொன்னேன்.

“அதை இங்க வந்து சொல்றீங்க. அன்னைக்கு அங்க சொல்லியிருக்கணும்” என்றவர், ஒரு தண்டை வெட்டிவிட்டு, “அந்தப் புது மொழியை அனுப்புங்க, பாப்போம்” என்றார்.

பிப்ரவரி 9
காலையில் நுபியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு விதி வந்தது. எல்லா வரிகளும் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு இடத்தில் ‘முடிந்தது’. கீழே: “போட்டுப் பாருங்க. ஓடுச்சுன்னா யார் எழுதினதுன்னு முதலாளிகிட்ட சொல்லுங்க. ஓடலைன்னாலும் சொல்லுங்க.”

ஓடியது. மதியம்வரை ஒரு தண்டுகூடப் பிழையாக வெட்டுப்படவில்லை.

மூன்று மணிக்கு டான் லியோனிடாஸின் கதவருகே போய் நின்றேன். உள்ளே யாரோ இருந்தார்கள். திரும்பிவிடாமல் காத்திருந்தேன்.