கட்டிலைக் கழற்றிய செய்தி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம், உங்க அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் உங்க அம்மா பக்கத்திலேயே நின்று அதைச் சொல்லுங்க இதைச் சொல்லுங்க என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பாள், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். விஷயம் உன் அறையைப் பற்றியது. உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், மூன்று நாளாக மனசு ஒரு நிலையில் இல்லை, கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

நம் தெருப் பெண்கள் பத்துப் பேர் குழுவில் சேர்ந்து உங்க அம்மா கடையைப் பெரிசாக்கக் கடன் வாங்கினாள் என்பது உனக்குத் தெரியும். உன் அறையைச் சேர்த்துத்தான் பெரிசாக்கினோம் என்பதை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டோம். இருபது வருஷமாக நான் ஜன்னல் வழியாகவே வியாபாரம் செய்தவன், கேட்டதை எடுத்து நீட்டுவேன், பொட்டலம் கட்டுவேன், அவ்வளவுதான். தெருமுனையில் பெரிய கடை வந்த பிறகு இவள், ஜனங்க உள்ள வந்து கண்ணால பாத்துக் கையால எடுக்கணும், அப்பதான் ஒண்ணு வாங்க வந்தவங்க நாலு வாங்குவாங்க என்று ஒரே பிடியாக நின்றாள். நடுச்சுவரை இடித்து, ரேக் அடித்து, கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜும் வாங்கிப் போட்டாள். நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். கட்டிலும் மேஜையும் மூலையை விட்டு நகரக் கூடாது, பாப்பா திடீரென்று வந்து நின்றால் எங்கே படுப்பாள் என்று. சரி, உங்க இஷ்டம் என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனங்கள் உள்ளே வந்தால்தானே? செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்ப்பார்கள், வாங்க வாங்க என்றால், இருக்கட்டும்ண்ணே, இப்படியே குடுத்துடுங்க என்பார்கள். கட்டில் தெரிவதால்தான் கூச்சப்படுகிறார்கள் என்று நான் பெரிய புத்திசாலி மாதிரி ஒரு திரை வாங்கி மாட்டினேன், அதோடு இன்னும் மோசம், உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எதிர் வீட்டு பஸ் டிரைவர் ஒருநாள் துணிந்து சோப்பு எடுக்க உள்ளே வந்தார், காற்றில் திரை விலகித் தலையணையைப் பார்த்ததும், ஐயோ, பாப்பா வந்திருக்கா, தெரியாம நுழைஞ்சுட்டேன் என்று சோப்பை வைத்துவிட்டு அப்படியே பின்னால் நடந்து போய்விட்டார். உங்க அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒண்ணு கடையா இருக்கணும், இல்ல ரூமா இருக்கணும், ரெண்டுங்கெட்டானா வெச்சுக்கிட்டு ஏன் என் உயிர எடுக்கறீங்க என்று கத்தினாள், நானும் பதிலுக்குக் கத்தினேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை, நூல்கண்டு எங்கே என்று கேட்கக்கூட வாங்க வந்தவர்களைத்தான் தூது அனுப்பினோம், சிரிக்காதே.

ஆனால் சிரிக்கிற விஷயமாக அது நிற்கவில்லை. குழுவில் ஒருத்தருக்குத் தவணை குறைந்தால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அதுதான் அவர்கள் ஏற்பாடு. நமக்கு இரண்டு முறை குறைந்தது, இரண்டு முறையும் தையல்காரம்மாதான் போட்டார். அடுத்த கடன் அவருக்கு, முழங்கால் வீங்கி மிதிக்க முடியவில்லை, கரண்டில் ஓடுகிற மெஷின் வாங்கக் காத்திருக்கிறார், நம் தவணை இழுத்தால் அவர் முறை தள்ளிப்போகும். திங்கட்கிழமை தவணை விஷயமாக மூன்றாவது முறையாக வந்தார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. விடுங்கண்ணே, பழைய மெஷின் இன்னும் ஆறு மாசம் ஓடும், பாப்பா ரூமாச்சே, எடுக்க மனசு வருமா என்றார். குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர் நொண்டிக்கொண்டே தெருவில் இறங்கியதும் ஸ்பானரை எடுத்துவிட்டேன். ஒரு நட்டு துருப்பிடித்து அசையவே இல்லை, எண்ணெய் விட்டு அரைமணி நேரம் மல்லுக்கு நின்றேன், உங்க அம்மா வந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். உன் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று, அந்த மூலையில் இப்போது அரிசி மூட்டை. நேற்று டிரைவர் செருப்புக் காலோடு உள்ளே வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பள்ளிக்கூட டீச்சர் இரண்டு பேர் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டே வம்பளந்தார்கள், கரண்டு பில்லை நினைத்து எனக்கு வயிறு எரிகிறது, உங்க அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நிலைக்குமா தெரியவில்லை, மூன்று நாளை வைத்து என்ன சொல்ல முடியும்.

இப்போது நான் எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். ஆறு வருஷமாக, இந்த வருஷம் கண்டிப்பா வந்துடுவேன்ப்பா, இங்கயே இருந்துடுவேன் என்கிறாய். நீ என்னை ஏமாற்றுகிறாய் என்று உங்க அம்மா சொல்லும்போதெல்லாம் அவளிடம் சண்டைக்குப் போவேன். கட்டிலைக் கழற்றும்போதுதான் எனக்கு உறைத்தது கண்ணு, ஒவ்வொரு முறை போனை எடுத்ததும் எப்ப வர்றே, எப்ப வர்றே என்று கேட்டவன் நான்தான். நீ பாவம், வேறு என்ன சொல்லுவாய்? உன்னைப் பொய் சொல்ல வைத்தது நான்தான். இனிமேல் கேட்கமாட்டேன். உன் வீடு அங்கேதான் என்றால் அப்படியே ஒரு வரி எழுது, திட்டமாட்டேன், சத்தியமாக. கொஞ்சம் அழுவேன், அது என் பாடு.

நீ தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்த இடத்தில், யாருக்கும் பயப்படாமல் வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குளிருக்குக் காதை மூடிக்கொள்ள மறக்காதே. பதிலை என் பெயருக்கே போடு, உங்க அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்மேல் பிரியம் குறையாத,
அப்பா