கண்ணாடி நடுவில் கிடந்த கை

மச்சான்,

பத்து மாதத்துக்குப் பிறகு இன்று காலை உன் கண்ணாடி ஒட்டும் அறையைத் திறந்தேன். ஈரம் உறிஞ்சும் மெஷினை வெளிச் சுவிட்சாலேயே நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகை நேரமே போட்டுவிட்டு வந்திருந்தேன். வெளிக்கதவைத் திறந்து, அதைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறந்து, நீ பழக்கிய ஒழுங்கு மாறாமல் நுழைந்தேன். சுவரில் நீ மாட்டிவைத்த ஈரமானியின் முள் இருபத்தாறில் நின்றது. ஆள் இல்லாத அறைக்கு அது இருபத்தாறு. ஒருவர் நின்று மூச்சு விட்டால் கொஞ்ச நேரத்தில் இருபத்தெட்டு. நாம் இரண்டு பேரும் நின்றால் முப்பது, அதற்கு மேலே போனால் வேலையை நிறுத்து என்பது உன் சட்டம். நான் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிக் கால் மணித்தியாலம் இருக்கும். நிமிர்ந்து பார்த்தபோது முள் முப்பதில் நின்றது.

கதவோரத்து ரப்பரைத் தடவிப் பார்த்தேன். குளிரூட்டியின் குழாயைப் பார்த்தேன். சொட்டு ஈரம் இல்லை. பேய், ஜின் என்று கதைப்பவர்களை நக்கலடித்தே பேர் வாங்கியவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. முதுகைச் சுவரோடு வைத்துக்கொண்டுதான் மிச்ச வேலையைச் செய்தேன்.

கத்தாரில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்து நீ இந்த அறையைக் கட்டியபோது ஊரே சிரித்தது. முதலில் சிரித்தவன் நான். கடற்கரை வீதிக்கு மூன்று வளவு தள்ளி இருக்கிறோம். ஆணி ஒரு மாதத்தில் துருவேறுகிறது, டப்பாவைத் திறந்தால் உப்பு தண்ணீராகக் கிடக்கிறது. "தலையணையும் ஈரமாக் கிடக்கிற ஊர்ல நீ காஞ்ச காத்துக்கு எங்கடா போவாய்?" என்று கேட்டேன். நீ கோபிக்கவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் பிலிமை வைத்துச் சூடாக்கி ஒன்றாக ஒட்டும் வேலை இது. உடைந்தாலும் சிதறாமல் நிற்க வேண்டிய கண்ணாடி. "நடுவுல போனது என்னவா இருந்தாலும் அது அங்கதான் கிடக்கும், மச்சான். பிறகு எடுக்கேலாது" என்றாய்.

தூசு வரக்கூடாது, முடி விழக்கூடாது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பிலிமைப் பையிலிருந்து எடுத்தால் மிச்சத்தை உடனே மூடிக் கட்ட வேண்டும். கண்ணாடிக்கு மேலே குனிந்து நின்று கதைக்கவும் கூடாது. எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் தந்தது உன் வெள்ளிக்கிழமைச் சட்டம். ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த பிறகு யாரும் கண்ணாடி அடுக்கக்கூடாது. பள்ளிவாசல் படியில் ஒரு பெரியவர் நின்று வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் அத்தர் தடவிவிடுவாரே, அதற்காக. "அத்தர் எண்ணெய் மச்சான். தண்ணியில கழுவினா மணம் குறையும், எண்ணெய் போகாது. அந்த இடம் பிலிம் ஒட்டாம நாள் போக வெளுத்து வரும்." கையில் அத்தர் இருந்தால் கையேந்தி துஆ கேட்கலாம், கண்ணாடி தொடக்கூடாதா என்று நான் உன்னைக் கிண்டலடித்தேன்.

நிந்தவூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தின் மேல்மாடிக் கண்ணாடித் தடுப்பு நமக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பெண்கள் இருக்கும் பகுதி அது. பிள்ளைகள் தடுப்பில் சாய்ந்து கீழே மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். பூட்டி முடித்து நாலு மாதம் போயிருக்கும். ஒரு கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. மண்டபத்துச் சொந்தக்காரர் ஹாஜியார் நம்மைக் கூப்பிட்டு ஆட்கள் முன்னால் உன்னைப் பிடித்து ஏசினார். "கத்தார்ல படிச்ச வேலையெண்டு பெரிய கதை கதைச்சாய். இதுதானா அது? புள்ள குட்டி விழுந்தா ஆர் பதில் சொல்ற?"

நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். "அறையைப் பாக்கிறது என்ட பொறுப்பு, ஹாஜியார். பிழை என்டதான். புதுசு செஞ்சு தாறன்" என்றாய். அப்படிச் சொல்லும்போது என் வலது கையை ஒரு தரம் பார்த்தாய். நான் அதைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ வரவில்லை; வழியிலேயே உயிர் போய் மவுத்தாகிவிட்டாய். புதுக் கண்ணாடி செய்யப்படவில்லை. நான் அறையைப் பூட்டி, ஹாஜியாருக்கு ஒவ்வொரு சாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்த இடத்துக்கு முன்னால் பெரிய சோபா ஒன்றைப் போட்டு ஆட்கள் சாயாமல் மறித்துவைத்தார்.

பொட்டுகள் வளர்ந்தன, மச்சான். இரண்டு மூன்றாகி, மூன்று ஐந்தாகி, ஒவ்வொன்றும் கீழே நீண்டு விரலாகியது. மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் பாண்டிருப்பிலிருந்து வரும் அக்கா ஒருநாள் என்னைத் தெருவில் மறித்தா. "தம்பி, உள்ளுக்க துடைச்சன், போகல்ல. வெளியால ஏறித் துடைச்சன், போகல்ல. அது ரெண்டு பக்கமும் இல்ல தம்பி, நடுவுல கிடக்கு. ஒரு கை." சொல்லிவிட்டுத் தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டா.

பிறகு கேட்க வேண்டுமா? அது மவுத்தானவனின் கை என்றார்கள். பிழைவிட்ட வேலையை நினைத்து, அவன் உள்ளே நின்று கண்ணாடியைத் தள்ளுகிறான் என்றார்கள். மேல்மாடியில் இருக்கப் பெண்கள் மறுத்தார்கள். உன் பெயர் ஊர் வாயில் விழுந்தது. உனக்காக வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த என் தங்கச்சியிடமே போய், "உன்ட மாப்புள்ளட கை கண்ணாடிக்குள்ள கிடக்காம்" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். கையுறை இல்லாமல் ஒருநாளும் கண்ணாடியைத் தொடாத உன்னைப் பற்றி.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நானும் போய்ப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அந்தக் கை கொஞ்சம் கூடுதலாக விரிந்திருந்தது. வெட்கம் கெட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அது உன் கையாகவே இருக்கட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

போன கிழமை அந்தக் கண்ணாடியைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தனியே இருந்து என் வலது கையை அதன் மேல் வைத்தேன். ஐந்து விரலும் சரியாகப் பொருந்தின. பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் பந்து பட்டு முறிந்து, கோணலாகப் பொருந்திய என் சின்ன விரல், அதே கோணலில் உள்ளே கிடந்தது. கண்ணாடி குளிராக இருக்க வேண்டும். அந்த இடம் குளிராக இல்லை. கையை இழுத்துக்கொண்டேன்.

மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். மறந்தவன்போல நடந்துகொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நீ வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாய். கடைசிக் கண்ணாடி ஒன்றுதான் மிச்சம். அதை ஒப்பேற்றிவிட்டால் நாளைக்கே பூட்டலாம் என்று நான் நேரே அறைக்கு வந்தேன். அத்தர் பட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கையுறையையும் போட்டேன். அடிக் கண்ணாடி மேசையில் வழுக்கியது, கையுறையோடு பிடி கிடைக்கவில்லை, ஒன்றைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் அழுத்திப் பிடித்தேன். துணியால் துடைத்தேன்; கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிலிமை விரித்து மேல் கண்ணாடியை மூடினேன். பின்னேரம் நீ வந்து, "ஆர் அடுக்கின?" என்று கேட்டாய். "காலையில நாம ரெண்டு பேரும் அடுக்கினதுதானே" என்றேன். நீ என்னை நம்பினாய் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை முள் முப்பதிலேயே நிற்க, நான் புதுக் கண்ணாடியை அடுக்கி முடித்துச் சூட்டில் வைத்தேன். ஜும்ஆவுக்குப் போய், அங்கிருந்து ஹாஜியார் வீட்டுக்குப் போய், கை என்னுடையது, பிழை என்னுடையது, அவன் அறையில் ஒரு குறையும் இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அண்டைக்கு நான் ஏசினது அவனையா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாடு எனக்கு அங்கேதான். நீ போன பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. சோறு போட வந்தவளை இருக்கச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"தெரியும் காக்கா" என்றாள்.

"எப்பயிருந்து?"

"ஹாஜியார் ஏசின அண்டைக்கே அவரு வந்து சொன்னாரு. 'மச்சான்ட கைதான் அது. நீ ஒண்டும் கேக்காத, அவன் தானா வந்து சொல்லுவான், அவன் அப்பிடியான ஆள்தான்' எண்டு சொன்னாரு. நீங்க வெள்ளிக்கு வெள்ளி வந்து சாப்பிடுவீங்க. இண்டைக்குக் காக்கா சொல்லுவாரு, இண்டைக்குச் சொல்லுவாரு எண்டு நானும் பாத்துக்கொண்டு இருப்பன்."

அவள் போட்ட சோற்றைத் தள்ளிவைத்தேன். பத்து மாதத்து வெள்ளிக்கிழமைகள், மச்சான். ஊர் உன்னைப் பற்றிக் கதைத்ததெல்லாம் கேட்டுவிட்டு வந்து, அவள் கையால் சாப்பிட்டு, ஏப்பம் விட்டுப் போனவன் நான். நீ ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அப்படியான ஆள்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாயே, அதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் இருக்கிறேன்.