துளைக்கு எட்டாத மூலை

இன்று காலை பாயசத்துக்காக என் மனைவி ஜவ்வரிசியை ஊறவைத்திருந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும் எனக்குச் சாப்பாடே வேண்டாமென்றாகிவிட்டது. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஓசூரில் நமக்கு ஒரே அறை, ஒரே ஷிப்ட், போக வர என் பைக். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். நீ நாட்றாம்பாளையத்து மலைக்காட்டில் ஏறி இறங்கி வளர்ந்தவன். அப்படிப்பட்ட உனக்கு முப்பது வயதுக்குள் வலது கால் விரியாமல் போயிற்று. பைக்கில் பெண்களைப்போல ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாய். கம்பெனி கேட்டில் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். இறங்கும்போது மட்டும் என் தோளை நகம் பதியப் பிடிப்பாய்.

பெங்களூர் டாக்டர்தான் கண்டுபிடித்தார். இடுப்பு மூட்டின் உட்சவ்வில் நோய், அது குருத்தெலும்புத் துணுக்குகளை மூட்டுக்குள் உதிர்க்கிறது என்றார். தொடையைத் திறக்காமல், சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டு எடுக்கலாம். ஆனால் பின்பக்க மூலைக்குக் கருவி எட்டுவது கடினம், சவ்வு மிச்சமிருந்தால் திரும்ப வரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எடுத்ததை ஒரு டப்பாவில் காட்டினார்கள். வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள்.

"பாயசம் வைக்கலாம்டா மச்சான்" என்றாய்.

அந்த மாம்பழ சீசனில் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, நால்வழிச் சாலை வேலை நடந்த புழுதியில் கிருஷ்ணகிரிவரை வந்தாய். வழியெல்லாம் உன் பாட்டுதான். அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி ஒருபக்கமாக உட்கார ஆரம்பித்தாய். 

இரண்டாம் முறை எடுத்த சவ்வு சோதனைக்குப் போனது. அபூர்வமாக இப்படி மாறும், புற்றாகிவிட்டது என்றார்கள். நுரையீரலுக்கும் போயிருந்தது.

கடைசியாக உன் ஊருக்கு வந்தபோது உன் அம்மா உன்னைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்திருந்தார். அவர் தண்ணீர் பிடிக்க வெளியே போகும்வரை காத்திருந்து கேட்டாய்.

"மொத தடவையே தொடையத் தொறந்து சுத்தமா எடுத்திருந்தா, நான் பொழச்சிருப்பனாடா?"

"அப்பவும் வந்திருக்கும்டா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது உனக்கும் தெரிந்தது. தலையை மட்டும் அசைத்தாய்.

உன்னைப் பாடையில் எடுத்த பிறகு இரண்டு மூன்று டாக்டர்களிடம் அதையே கேட்டுப் பார்த்தேன். சொல்ல முடியாது என்கிறார்கள். இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆம் என்றோ இல்லை என்றோ ஒருவர் உறுதியாகச் சொன்னாலும், அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?